கட்டியத்தில் நிலைத்த பெயர்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கட்டியம் கூறப்படும்போது, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே பெரும்பாலானோர் அதன் சொற்களைக் கவனிப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் கவனித்ததில்லை. வடமொழியில் நீண்டு செல்லும் அந்த வாழ்த்தில், கஜவல்லி மகாவல்லி சமேதராகிய சுப்பிரமணியரின் திருவடிகளைப் பணிந்தவன் என்றும் சூரிய குலத்தில் உதித்தவன் என்றும் ஒருவன் போற்றப்படுகிறான். அவன் பெயர் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு. 'சங்கபோதி' சிங்கள அரசர்கள் முடிசூடியபோது தரித்த பட்டப் பெயர்களுள் ஒன்று. யாழ்ப்பாணத் தமிழரின் சமய வாழ்வுக்கு நடுவிடமான கோயிலில், போரின் முப்பது ஆண்டுகளிலும் கூட, அந்தப் பெயர் ஒலித்துக்கொண்டே இருந்தது. இதை முதன்முதலில் உணர்ந்த நாளிலிருந்து இந்தக் கோயிலின் வரலாற்றை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

யார் அந்தப் புவனேகபாகு என்பதில் ஒரே முடிவு இல்லை. ஊரின் பழைய வரலாறு கூறும் யாழ்ப்பாண வைபவமாலை அவனை, யாழ்ப்பாணத்தை ஆண்ட முதலாவது ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரியாகக் காட்டுகிறது. கோயில் கட்டப்பட்டதைச் சகாப்தம் 870 என்று சொல்லும் பழைய வெண்பா ஒன்றும் உண்டு, அது கி.பி. 948 ஆகும். ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசு பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலேயே தெளிவாகத் தென்படுவதால், வரலாற்றாசிரியர் பலர் அந்த ஆண்டை அப்படியே ஏற்பதில்லை. அவர்கள் சுட்டுவது 1450ஆம் ஆண்டளவில் சிங்கள நாடான கோட்டேயின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படையோடு வந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாளை. சிங்களத்தில் சப்புமல் குமாரயா எனப்படும் அவனே பின்னர் கோட்டேக்குத் திரும்பி, ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடி சூடினான். அவன் மலையாளக் கரையிலிருந்து வந்த பணிக்கர் ஒருவரின் மகன் என்றும், கோட்டே அரசன் அவனை வளர்ப்புப் பிள்ளையாக ஏற்றான் என்றும் போர்த்துக்கேய ஆசிரியர் தியோகு த கூட்டோ எழுதிவைத்திருக்கிறார். தென்னிந்திய வேர் கொண்டு, சிங்கள அரசனின் மாளிகையில் வளர்ந்து, தமிழரின் தலைநகரை வென்று, முருகனுக்குக் கோயில் எடுத்தவனாகப் போற்றப்படும் ஒருவனை எந்த இனத்தின் கணக்கில் எழுதுவது? இன்றைய நமது கோடுகள் எவையும் அவன்மீது பொருந்தவில்லை. புதிதாகப் பிடித்த நிலத்தில் தன் ஆட்சியை ஊன்றுவதற்கு அவ்வூர் மக்களின் தெய்வத்தைப் போற்றுவதே வழி என்று அவன் கண்டிருக்க வேண்டும். அதுவும் அதிகாரத்தின் செயல்தான். ஆனால் பின்னர் வந்த அதிகாரங்களோடு ஒப்பிட்டால், கட்டுவித்த அதிகாரம் அது.

பழைய கோயில் இருந்த இடம் இப்போதைய கோயில் இருக்கும் இடம் அன்று. இதை எனக்குச் சொன்னவர் அம்மம்மா. சிறு வயதில் ஒரு மாலை, பருத்தித்துறை வீதியில் முத்திரைச் சந்தியைக் கடந்து செல்லும்போது, யாக்கோபு தேவாலயத்தைக் காட்டி, "பிள்ளை, உந்தச் சேர்ச் நிக்கிற இடந்தான் முருகன்ரை பழைய வீடு" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இடிந்துபோன தன் பிறந்த வீட்டைக் காட்டுவது போலச் சொன்னார். தேவாலயத்தின் பின்புறம் ப வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி இருக்கிறது. சிங்கைப் பரராசசேகரன் யமுனை நீரைக் காவடியில் கொணர்வித்து அதில் ஊற்றினான் என்பது செவிவழிக் கதை. அருகே, அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் சங்கிலித் தோப்பு வளைவும் மந்திரிமனையும் நிற்கின்றன. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசப் பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் என்று நான்கு திசையிலும் காவற் கோயில்கள் அமைத்து நடுவில் அரசனும் முருகனும் இருந்த நகரம் அது. அரண்மனையும் கோயிலும் தனித்தனி நிறுவனங்களாக இருக்கவில்லை என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. அதனாலேயே அரசு விழுந்தபோது கோயிலும் விழ வேண்டியதாயிற்று.

1560இல் கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா என்ற போர்த்துக்கேயப் பதிலரசன் கோவாவிலிருந்து பெரும் படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான்; ஆனால் நிலைத்து நிற்க முடியவில்லை. 1619இல் பிலிப்பே தெ ஒலிவேரா வந்தபோது நிலைமை மாறியது. கடைசி அரசன் சங்கிலி குமாரன் பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மரணதண்டனைக்கு உள்ளானான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தஞ்சாவூரின் துணையோடு எழுந்த கிளர்ச்சிகள் அடக்கப்பட்டபின், 1621ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒலிவேரா நல்லூருக்கே வந்து தங்கி, கோயிலை அடியோடு இடிப்பித்தான். பாதிரியார் குவேறோஸ் தம் நூலில் இதைப் பெருமையோடு பதிவு செய்திருக்கிறார்: கோயிலை விட்டுவிட்டால் அவன் கேட்பதையெல்லாம் தருவதாக ஊர் மக்கள் வேண்டினார்கள் என்றும், பக்தியுள்ள கத்தோலிக்கனாகிய அவன் இணங்கவில்லை என்றும் அவர் எழுதுகிறார். இடித்தவரின் பக்கத்திலிருந்து வந்த குறிப்பு என்பதாலேயே அந்த வேண்டுகோள் எனக்கு மிகவும் வலிக்கிறது. அரசன் இல்லை, படை இல்லை, கிளர்ச்சியும் தோற்றுவிட்டது. மிஞ்சியிருந்த மக்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் கொடுத்து ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கிறார்கள்.

இடிப்பில் சமய வெறுப்பு மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மக்கள் மீண்டும் ஒன்றுகூடி அரசனின் பெயரைச் சொல்லக்கூடிய இடம் எதுவும் இருக்கக்கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆட்சியின் நடுவிடம் நல்லூரை விட்டுக் கடலோரக் கோட்டைக்குப் போனதும் அதே கணக்கில்தான். நல்லூர்க் கற்கள் கோட்டைக்குப் போயின என்று நம் முன்னோர் சொல்லிவந்தார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றின் துண்டு யாழ்ப்பாணக் கோட்டையிலேயே கண்டெடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, கோயிற் கற்கள் அந்த மதில்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற நம்பிக்கை வெறுங்கதை ஆகாது.

அதன்பின் வந்த நூறு ஆண்டுகளில் வழிபாடு வீட்டுக்குள் ஒளிந்தது. விரதச் சோற்றை உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அயலவர் காட்டிக்கொடுப்பார்கள் என்று அஞ்சி, இலையைச் சுருட்டிக் கூரை விளிம்பான இறப்பிலே செருகினார்கள். அச்சம் போன பின்பும் அந்தப் பழக்கம் சில வீடுகளில் விரத நாட்களில் நீடித்தது. அம்மம்மாவின் தாயார் அப்படிச் செய்ததை அம்மம்மா கண்டிருக்கிறார். அதிகாரிகளின் உணவுக்கு முறை வைத்துப் பசு கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், தம் முறை வந்த இரவிலே ஊரைவிட்டுப் போய்ச் சிதம்பரத்தை அடைந்த, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதையும் இதே காலத்தது. ஒரு கோயிலை இடிக்கும்போது மக்கள் உணவு உண்ணும் முறைகூட மாறிப்போகிறது.

1658இல் வந்த ஒல்லாந்தர் போர்த்துக்கேயரின் தேவாலயங்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். திருமுழுக்குப் பெற்றவர்களின் பெயர்களே பதிவேட்டில் ஏறின; திருமணமும் உரிமையும் உத்தியோகமும் அந்தப் பதிவையே சார்ந்திருந்தன. எனவே ஊரே பெயரளவில் கிறிஸ்தவமாயிற்று. கிறிஸ்தவராகப் பதிந்தவர்கள் சைவச் சடங்குகளில் கலந்துகொண்டால் சவுக்கடியும் சிறையும் உண்டென்று 1711இல் கட்டளை பிறந்தது. அத்தகைய கட்டளை தேவைப்பட்டது என்பதே மக்கள் கலந்துகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று.

இந்தச் சூழலில்தான் 1734இல் இன்றைய கோயில் தோன்றியது. ஒல்லாந்தரின் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தில் சிறாப்பராக, அதாவது காசாளராக, இருந்த இரகுநாத மாப்பாண முதலியார், தம் பதவியின் செல்வாக்கால் அனுமதி பெற்று, குருக்கள் வளவு எனப்பட்ட காணியில் கோயிலை எழுப்பினார். அவர் பெயருக்கு முன்னால் 'தொன் யுவான்' என்ற கிறிஸ்தவப் பெயரும் வழங்கியது. எனக்கு இந்தச் செய்தி எப்போதும் வியப்பும் நிறைவும் தருவது. ஆட்சியாளரின் பதிவேட்டில் ஒரு பெயர், நெஞ்சில் இன்னொரு பெயர் என்று வாழ்ந்த ஒருவர், அந்த முதற்பெயர் தந்த செல்வாக்கைக் கொண்டே இரண்டாவதற்கு வீடு கட்டினார். சரியாக அதே காலத்தில், 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டபடி மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். ஒடுக்கும் கை தளர்ந்த வேளையில் ஊர் தன் கோயிலையும் தன் கதையையும் ஏறத்தாழ ஒன்றாகவே மீட்டெடுத்திருக்கிறது.

மூலவராக அங்கே சிலை வைக்கப்படவில்லை, வேல் வைக்கப்பட்டது. ஓலைக் கூரையின் கீழே தொடங்கிய எளிய வழிபாடு அது. பிற்காலத்தில், நல்லூரிலேயே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், ஆகமங்களின்படி அமையாத கோயில் இது என்று கடுமையாகக் கண்டித்தார். வேலின் இடத்தில் விதிப்படி திருவுருவம் இருக்க வேண்டும் என்பதும், தேவதாசிகளின் ஆட்டம் நிறுத்தப்பட வேண்டும் என்பதும் அவருடைய கண்டனங்களுள் அடங்கும். சைவத்தை மிசனரிமாரின் வாதங்களிலிருந்து காப்பதற்கு அதை நூல்வழிச் சமயமாக நிறுத்த வேண்டும் என்று அவர் கருதினார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் வேலை நீக்க வேண்டுமென்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒளித்து வைக்கவும் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடிய அந்தச் சிறு வடிவமே இடிபாட்டுக்குப் பின் வந்த வழிபாட்டுக்குப் பொருந்தியது. நாவலரின் நினைவு மண்டபம் கோயிலுக்கு அருகே நிற்கிறது; மூலத்தானத்தில் இன்றும் வேலே இருக்கிறது.

இதுவரை நம்மீது செலுத்தப்பட்ட அதிகாரத்தையே சொல்லிவந்தேன். நாம் செலுத்தியதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை. நல்லூர்க் கோயிற் சூழலில் முஸ்லிம்கள் குடியிருந்தார்கள் என்பதையும், அவர்களை அங்கிருந்து அகற்றுவதற்காக அவர்களுடைய கிணறுகளில் பன்றி இறைச்சி போடப்பட்டதையும் நம்முடைய வைபவமாலையே கூறுகிறது. கோயிலின் தூய்மை என்ற பெயரால் ஓர் ஊர் மக்கள் கிணற்று நீரைக்கூட இழந்து பெயர்ந்தார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, அந்தப் பழைய பக்கத்தை நாம் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

சாதியும் அப்படியே. நல்லூர் உட்பட யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்களில் ஒரு பகுதி மக்கள் வெளிவீதியில் நின்றே கும்பிட்டார்கள். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டவர்கள் தடியடி பெற்றார்கள். அப்போது அங்கே நின்றவர்கள் போர்த்துக்கேயர் அல்லர். திருநீறு பூசிய நம்மவர். முருகனின் வாசலை அடைத்தவர்களின் பட்டியலில் ஒலிவேராவின் பெயரை எழுதும் கை, இதையும் எழுதத் தயங்கக்கூடாது என்பது என் எண்ணம்.

பிரித்தானியர் காலத்தில் கோயில்மீதான அதிகாரம் வாளிலிருந்து வழக்குமன்றத்துக்கு மாறியது. இந்துக் கோயில்கள் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. யாருடைய கோயில், யார் தருமகர்த்தா என்பதை நீதிபதிகள் தீர்மானிக்கலாயினர். யாழ்ப்பாணத்தின் எத்தனையோ கோயில்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடிச் செல்வத்தை இழந்திருக்கின்றன. நல்லூர் மாப்பாண முதலியார் பரம்பரையின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. தனிக் குடும்பத்தின் கையில் ஊரின் கோயில் இருப்பதைப் பற்றி எனக்குக் கேள்விகள் இருந்தபோதிலும், ஒன்றை மறுக்க முடியாது: அங்கே பூசை மணிப்படி நடக்கிறது; அர்ச்சனைச் சீட்டு நெடுங்காலம் 1 ரூபாவாகவே இருந்தது; அமைச்சராயினும் படைத் தளபதியாயினும் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும்; எவருக்காகவும் சுவாமி காத்திருப்பதில்லை. அரசுப் பணமும் அரசியல்வாதியின் மாலையும் நுழையாத கோயிலாக அதை வைத்திருப்பது, அதிகாரங்களால் இத்தனை முறை மிதிபட்ட இடத்துக்குக் கிடைத்த நல்ல காப்பு என்றே சொல்வேன்.

கோயிலின் வீதியோ அரசியலிலிருந்து விலகியிருக்கவில்லை. 1987 செப்டெம்பர் 15ஆம் நாள் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் நீரும் அருந்தாத உண்ணாவிரதத்தைத் தொடங்கியது நல்லூரின் வீதியிலேதான். 26ஆம் நாள் அவர் இறந்தார். அடுத்த மாதமே இந்தியப் படையின் தாக்குதல் தொடங்க, ஆயிரக்கணக்கானோர் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். எங்கள் குடும்பமும் அங்கே இருந்தது. மண்டபத்தின் தூணொன்றைச் சுற்றி எங்கள் பாய்களை விரித்திருந்தோம் என்பதும், பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர், என்ன சாதி என்று அம்மம்மா கேட்கவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் ஏறத்தாழ அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, செம்மணி வெளியில் மழையில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "முருகனும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்தானே, அவர் பாத்துக்கொள்ளுவார்." சாவகச்சேரியில் இருந்த மாதங்களில் நல்லூர்த் திசை நோக்கியே அவர் கும்பிட்டார்.

போர் முடிந்தபின் மண்ணுக்குப் பெயர் எழுதும் போட்டி வேறு வடிவம் எடுத்தது. அரசியலமைப்பு 1972 முதல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. வடக்கில் தொல்லியற் பலகையும் படைமுகாமும் விகாரையும் அடுத்தடுத்து வருவதை மக்கள் அச்சத்தோடு பார்க்கிறார்கள். தையிட்டியில் தனியார் காணிகளில் விகாரை எழுந்ததை எதிர்த்து உரிமையாளர்கள் வீதியில் அமர்ந்திருக்கிறார்கள். கந்தரோடையின் சிறு தூபிகள், தமிழர் பௌத்தராகவும் வாழ்ந்த காலத்தின் சான்றாக இருக்கக்கூடியவை. ஆனால் 'பௌத்தம் என்றால் சிங்களம்' என்று ஒரு பக்கமும், 'அப்படியானால் அது எமக்கு வேண்டாம்' என்று மறுபக்கமும் சொல்வதால், அந்த இடத்தைத் தன்னுடையதாக எண்ணிப் பேணுவார் ஊரில் குறைவு. பறிப்பவரின் வாதத்தை நாமே ஏற்று நம் முன்னோரைக் கைவிடுகிறோம் என்பது எனக்கு ஆற்றாமை தருகிறது. நல்லூரின் கட்டியம் இதற்கு நேர்மாறான பழக்கத்தை நமக்குக் கற்பித்திருக்க வேண்டும். சங்கபோதி என்ற பட்டம் அதில் இருப்பதால் நல்லூர் எவருக்கும் பறிபோய்விடவில்லை. அந்தப் பெயரை நீக்கும்படி எந்தத் தமிழரும் போராடவுமில்லை.

பழைய நல்லூரின் நிலையோ கவலைக்குரியது. முத்திரைச் சந்தியில் சங்கிலியனின் சிலை 2011இல் புதிதாக நிறுவப்பட்டது. அதன் வாளைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் ஊரில் பெரிய விவாதம் நடந்தது. சில நூறு யார் தூரத்தில் இருக்கும் மந்திரிமனையைப் பற்றி அத்தகைய விவாதம் எழவில்லை. 2025 செப்டெம்பரில் மழை பெய்தபோது அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. யமுனா ஏரியின் கரையில் முறையான அகழாய்வு நடக்க வேண்டும் என்பதும், அதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் முன்னின்று செய்ய வேண்டும் என்பதும், அதற்காகத் தேவாலயத்தின் ஒரு கல்லும் அசையக்கூடாது என்பதும் என் வேண்டுகோள். அந்தத் தேவாலயத்தில் தலைமுறைகளாகத் தமிழர் தமிழில் செபித்திருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோரும் 1621இல் கைகூப்பி நின்றவர்களாக இருக்கலாம்.

சென்ற ஆவணித் திருவிழாவில் என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். கட்டியம் ஒலித்தபோது அவள் என் சால்வையைப் பிடித்து இழுத்து, "அப்பா, புவனேகபாகு எண்டு ஒரு பேர் வருது, அது ஆர்?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதில் அவள் கேட்டதை நான் முப்பது வயதிலேயே கேட்டேன். வீதி மணலில் இருந்து, தெரிந்தவற்றையும் மாறுபட்ட கருத்துகளையும் சொன்னேன். அவன் கட்டின கோயில் எங்கே என்று கேட்டாள். அடுத்த நாள் பின்னேரம் சைக்கிளில் முத்திரைச் சந்திக்குப் போனோம். தேவாலயத்தில் யாரோ வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டபோது, "வாங்கோ தம்பி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். பார்த்துவிட்டுப் பின்புறமாக ஏரிக்குச் சென்றோம். மகள் படியில் இறங்கி, கையால் நீரைத் தொட்டு, அது யமுனைத் தண்ணியா நல்லூர்த் தண்ணியா என்று கேட்டாள்.